புதுக் கணினி வாங்கும்வரை

வணக்கம், நேயர்களே.

புதிதாக ஒரு விளையாட்டு வெளிவருகிறது. கூட விளையாடுகிறவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். உங்கள் கணினிக்கு வயது ஏழோ எட்டோ. விளையாட்டைத் திறந்தால் படம் திக்கித் திக்கி நகர்கிறது. முழுக் கணினியையும் மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டால் கை பின்வாங்குகிறது. போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025-இன் பிற்பகுதியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. ‘சரி, இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இருப்பதை வைத்தே ஒப்பேற்றுவோம்’ என்று நினைக்கிறீர்கள். நல்ல முடிவுதான். ஆனால் ஒப்பேற்றுவதற்கும் ஒரு கணக்கு வேண்டும். கண்ணில் பட்ட மலிவான பாகத்தை வாங்கி மாட்டினால், ஒன்றரை வருஷம் கழித்துப் பார்க்கும்போது அரைக் கணினிக்கான பணம் போயிருக்கும்.

எந்தப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் நான் கேட்பது இதைத்தான்: நாளைக்குப் புதுக் கணினி வரும்போது இது கூட வருமா, இங்கேயே தங்கிவிடுமா? பவர் சப்ளை, எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), கேபினெட் எல்லாம் கூட வரும். பிராசசர், மதர்போர்டு, முந்தைய தலைமுறை ராமான டிடிஆர்4 பழைய கணினியோடு தங்கிவிடும். ஏஎம்டியின் இப்போதைய ஏஎம்5 போர்டுகளில் டிடிஆர்5 தவிர வேறு ராம் ஏறாது. கூட வருவதைப் புதிதாக, கொஞ்சம் தாராளமாக வாங்குங்கள். தங்குவதற்கு செகண்ட் ஹேண்ட் போதும். கிராபிக்ஸ் கார்டு இதில் இரண்டும்கெட்டான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், எந்தப் பாகம் தடங்கல் என்று கண்டுபிடிக்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, எந்த நிறுவனத்தின் கார்டோடும் வேலை செய்யும். நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்கிற ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, விளையாட்டில் ஆளும் புகையுமாக நெரிசலாக இருக்கிற ஓர் இடத்துக்குப் போய் நில்லுங்கள். திரையின் மூலையில் ஓடும் எண்களைக் கவனியுங்கள். கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் மூச்சு வாங்குவது கார்டு. அது 60, 70-க்கு இறங்கி, படமும் திக்கினால் பிராசசரைச் சந்தேகப்படுங்கள். பிராசசரின் மொத்தப் பயன்பாடு 40 சதவீதம்தானே காட்டுகிறது, அது சும்மாதானே இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பிராசசருக்குள் வேலை செய்யும் ஆறு கோர்களில் ஒன்று மட்டும் முழுவதுமாகத் திணறிக்கொண்டிருந்தாலும் மொத்தக் கணக்கில் அது சின்ன எண்ணாகத்தான் தெரியும்.

இன்னும் தெளிவாகவில்லை என்றால் ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளி எண்ணிக்கையை, 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃப்ரேம் நன்றாக ஏறினால் தடங்கல் கார்டுதான். ஏறவே இல்லை என்றால் பிராசசர். அப்படியே வெப்பநிலையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பிராசசர் 95 டிகிரியைத் தொட்டுவிட்டுத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்றால், ஹீட்சிங்கில் அடைந்திருக்கிற தூசியை ஊதி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். சில கணினிகளுக்கு மேம்படுத்தலே அவ்வளவுதான்.

சரி, தடங்கல் கார்டு என்றே வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இங்கே இரண்டு வழிகள் உண்டு. புதுக் கணினியிலும் முதல் ஒரு வருஷம் உட்காரக்கூடிய கார்டாக வாங்குவது ஒன்று. அப்புறம் விற்றாலும் பெரிய நஷ்டம் வராத பழைய கார்டாக வாங்குவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற, ‘புதுசுதான், ஆனால் ரொம்பச் சின்னது’ என்கிற வகைதான் பணத்தை வீணடிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2022 ஜனவரியில் ஏஎம்டி, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கார்டை வெளியிட்டது. நினைவகம் 4 ஜிபி. மதர்போர்டோடு பேசுவதற்கு அதில் நான்கே பிசிஐ எக்ஸ்பிரஸ் (சுருக்கமாக, பிசிஐ) லேன்கள், அதாவது தரவு ஓடும் பாதைகள். பிசிஐ 4.0 உள்ள புதுப் போர்டில் அது ஒருவாறு சமாளிக்கும். நம்மிடம் இருப்பது பழைய போர்டு, பிசிஐ 3.0, அங்கே அந்த நான்கு லேன்களின் வேகமும் பாதியாகிவிடும். 4 ஜிபி நிரம்பி, மீதியைக் கணினியின் ராமிலிருந்து இழுத்துவர வேண்டிய நேரத்தில் அந்தப் பாதை போதாமல் படம் துண்டு துண்டாக நிற்கும். வீடியோவாகப் பதிவு செய்யும் வசதியும் கார்டிலேயே கிடையாது. பழைய கணினிக்கு மாட்டுகிற மலிவுக் கார்டு என்று நினைத்து வாங்குகிறவர்களுக்குத்தான் அது சரிப்பட்டு வராது. என்ன கொடுமை பாருங்கள்!

அதே குடும்பத்தில் அதற்கு ஒரு படி மேலே 2021 அக்டோபரில் வந்த ஆர்எக்ஸ் 6600-ஐ நான் தயங்காமல் சொல்வேன். 8 ஜிபி நினைவகம், எட்டு லேன்கள், 132 வாட் மின்சாரம். 450 வாட் பவர் சப்ளை போதும் என்று நிறுவனமே சொல்கிறது. 1080-இல் விளையாடுகிறவருக்கு இது இன்னும் வயதாகாத கார்டு. செகண்ட் ஹேண்டில் 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கிடைத்தால் அதுவும் நல்லது. 170 வாட் குடிக்கும், அவ்வளவுதான்.

இந்த இரண்டிலும் ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டுக் காட்டும் ரே ட்ரேசிங்குக்கான வன்பொருள் இருக்கிறது. இது வெறும் அலங்காரம் என்று ஒரு காலத்தில் சொன்னோம். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. 2025 மே மாதம் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ அந்த வசதி இல்லாத கார்டை ஏற்றுக்கொள்வதில்லை. அதனால் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ போன்ற பழைய பயில்வான்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நீங்கள் விளையாடப் போவது என்ன என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். பழைய போட்டி விளையாட்டுகள் மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

பெயரிலும் ஏமாற இடம் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3050 என்று இரண்டு கார்டுகள் உண்டு. 8 ஜிபி உள்ளதில் 2560 கோர்கள். 2024-இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர்கள்தான், நினைவகப் பாதையும் குறுகலானது. ஆனால் அந்தச் சின்னதற்கு ஒரு தனிக் குணம்: 70 வாட்டுக்குள் ஓடுவதால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின்கம்பி வேண்டாம். ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுத்துவிடும். அலுவலகக் கணினியை வாங்கி விளையாட்டுக்கு மாற்றுகிறவர்களுக்கு அதுதான் சரி.

இன்டெல்லின் ஆர்க் கார்டுகளைப் பற்றியும் கேட்பீர்கள். விலைக்கு நல்ல கார்டுகள்தான். ஆனால் கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத போர்டில் அவற்றின் வேகம் படுத்துவிடும். பழைய பிராசசரோடு சேர்ந்தாலும் தடுமாறுகின்றன. ஒப்பேற்றுகிற கணினிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. புதிது கட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தடங்கல் பிராசசர் என்றால், உங்கள் அதிர்ஷ்டம் மதர்போர்டில் இருக்கிறது. போர்டில் பிராசசர் உட்காரும் இடம்தான் சாக்கெட்; ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017 மார்ச்சில் முதல் ரைசன் வந்தபோது வாங்கிய பல போர்டுகளில், ஐந்து வருஷம் கழித்து 2022-இல் வந்த ரைசன் 5 5600 உட்காரும். போர்டும் மாற்ற வேண்டாம், ராமும் மாற்ற வேண்டாம். ஆறு கோர், 65 வாட், பெட்டியிலேயே ஃபேனும் உண்டு. பக்கத்திலேயே 5500 என்று ஒன்று கொஞ்சம் மலிவாக நிற்கும். அதில் எல்3 கேஷ் என்கிற உள் அதிவேக நினைவகம் 16 எம்பி, 5600-இல் 32. விளையாட்டில் அந்த வித்தியாசம் தெரியும், மலிவைப் பார்த்து மயங்காதீர்கள். 96 எம்பி கேஷோடு வந்த 5800எக்ஸ்3டி யாரிடமாவது நியாயமான விலைக்குக் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அதன் பெயருக்காகவே விலையை ஏற்றி வைத்திருப்பார்கள். அந்தப் பணத்தைப் புதுக் கணினிக்கு எடுத்து வைப்பதே மேல்.

இதில் ஒரு வரிசை இருக்கிறது. பழைய பிராசசர் இருக்கும்போதே, போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். உங்கள் போர்டின் மாடல் எண்ணை வைத்து, தயாரிப்பாளரின் தளத்தில் எந்தப் பதிப்பிலிருந்து 5600 ஆதரிக்கப்படுகிறது என்று பார்த்து, அதை ஏற்றுங்கள். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி, திரை இருட்டாக நிற்கும்போது பயாஸ் ஞாபகம் வந்தால், மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

இன்டெல் போர்டு என்றால் கதை வேறு. ஆறாம், ஏழாம் தலைமுறைக்கான எல்ஜிஏ 1151 சாக்கெட்டும் எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கானதும் பெயரில் ஒன்று. ஆனால் ஒன்றின் பிராசசர் மற்றதில் ஓடாது. ஆறாம், ஏழாம் தலைமுறைப் போர்டில் ஏறக்கூடிய பெரிய பிராசசரைத் தேடிப் போனால், ஆசைப்படுகிறவர் கூட்டத்தால் அதன் விலை செகண்ட் ஹேண்டிலும் ஏறியே நிற்கும். நான்கு கோருக்காக அவ்வளவு கொடுத்து, ஃபேனும் மாற்றி, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடும். அதைவிட, டிடிஆர்4 ராம் ஏறுகிற எல்ஜிஏ 1700 போர்டும் ஐ3 12100எஃப் பிராசசருமாகப் பழையதில் வாங்கி, இருக்கிற ராமையே மாட்டலாம். இன்னொரு காரணமும் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து. டிபிஎம், செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இல்லாவிட்டால் சில இணைய விளையாட்டுகள் உள்ளேயே விடுவதில்லை.

ராமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 8 ஜிபி ஒற்றைக் குச்சி இருந்தால், அதேபோல் இன்னொரு 8 ஜிபி செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போடுங்கள். இரண்டு குச்சிகள் சேர்ந்தால் நினைவகப் பாதையும் இரட்டிப்பாகும். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி, பொதுவாக இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். ராமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் போடுங்கள். அதைப் போடாமல், 3200 வேக ராமை வருஷக்கணக்கில் 2133-இலேயே ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர்.

எஸ்எஸ்டி இல்லாதவர் முதலில் அதை வாங்குங்கள். பழைய வகைக் கம்பியில் மாட்டுகிற சாட்டா எஸ்எஸ்டியே விளையாட்டுக்குப் போதும்.

பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நல்ல தரமான 550 வாட் ஒன்று இன்றைய கார்டையும் தாங்கும், நாளைய கணினிக்கும் கூட வரும். மாட்டும்போது அதன் பெட்டியில் வந்த கம்பிகளையே பயன்படுத்துங்கள். கம்பிகளைக் கழற்றி மாட்டக்கூடிய பழைய மாடுலர் பவர் சப்ளையின் கம்பி புதியதில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் முனைகளின் வரிசை வேறாக இருந்தால் ஹார்ட் டிஸ்கோ எஸ்எஸ்டியோ எரிந்துபோகும். அலுவலகக் கணினிகளில் பவர் சப்ளையின் முனையே தனி வடிவமாக இருப்பதுண்டு. வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பழைய கார்டு வாங்கும்போது அரை மணி நேரமாவது கனமான விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். ஃபேனின் சத்தத்தைக் கேளுங்கள். திரையில் புள்ளிகளோ கட்டங்களோ மின்னுகின்றனவா என்று கவனியுங்கள். கார்டின் எல்லாத் திரை இணைப்புகளிலும் கேபிளைச் செருகிப் பாருங்கள். கிரிப்டோ நாணயச் சுரங்க வேலைக்கு ஓடிய கார்டு என்றாலே பயப்பட வேண்டியதில்லை. ஃபேனும் தெர்மல் பேடும்தான் அங்கே தேய்ந்திருக்கும்.

உங்கள் பழைய கார்டை உடனே விற்றுவிடாதீர்கள். 5600-இலும் 12100எஃப்-இலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. வாங்கிய கார்டு இரண்டாம் வாரம் படுத்துவிட்டால், எது பழுது என்று பார்ப்பதற்குக்கூட திரையில் ஒன்றும் வராது. ஒரு மாதம் ஓடட்டும், அப்புறம் விற்கலாம். நன்றி, வணக்கம்.