நியூ ஹேவன் வாசிக்கும் வரலாற்றில் சென்னையின் பக்கங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம், அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக 2024 பிப்ரவரியில் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. கூடவே, அந்தத் தொடர்புகளைப் பற்றி வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் தன் ஆய்வுக் குழுவோடு எழுதிய வரலாற்று நூலும் வெளிவந்தது. இணையத்தில் அதை யாரும் இலவசமாகப் படிக்கலாம். பல்கலைக்கழகம் இருக்கும் நியூ ஹேவன் நகரின் நூலகங்களுக்கும் தேவாலயங்களுக்கும் பிரதிகள் இலவசமாகவே போயின.

மன்னிப்பைவிட இந்தப் பிரதிகள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. காரணம், அது அந்த ஊர்க்காரர்களின் கதை. 1831இல் கறுப்பின இளைஞர்களுக்கென அங்கே ஒரு கல்லூரி தொடங்கும் யோசனை எழுந்தது. நகரக் கூட்டத்தில் 700 பேர் எதிர்த்தார்கள், ஆதரித்தவர்கள் வெறும் 4 பேர். எதிர்த்தவர்களில் முக்கியமான ஒருவர் யேலின் சட்டப் பேராசிரியர் டேவிட் டேகெட். அந்தக் கல்லூரி வரவேயில்லை. பேராசிரியர்கள் மட்டும் படித்து மூடி வைக்கும் செய்தியா இது?

சரி, நமக்கு இதில் என்ன? அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல் பணம் சேர்த்தது நம் சென்னையில். 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக வந்தார். 1687 முதல் 1692 வரை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். 1718இல், அப்போது கல்லூரியாக இருந்த அந்த நிறுவனத்துக்கு அவர் நன்கொடையாக அனுப்பிய 9 பொதிச் சரக்கு 562 பவுண்டுக்கு விற்றது. 417 புத்தகங்களும் கொடுத்திருந்தார். நன்றிக்கடனாகக் கல்லூரி அவர் பெயரை ஏற்றது.

அவர் கோட்டையில் இருந்த 1680களில் இந்தக் கரையில் கடும் பஞ்சம். பட்டினி கிடந்தவர்கள் மலிவாக விலைபோனார்கள். ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது 10 அடிமைகளைச் செயின்ட் ஹெலினா தீவுக்கு ஏற்றிச் செல்லவேண்டும் என்று கோட்டையின் ஆலோசனைக் குழு முடிவெடுத்தது. அந்தக் கூட்டத்தில் யேலும் இருந்தார். 1687இல் ஒரே மாதத்தில் இங்கிருந்து அனுப்பப்பட்டவர்கள் குறைந்தது 665 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். யேலின் மகன் டேவிட்டுக்கு உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் கல்லறை நிற்கிறது. கப்பலேறியவர்களுக்கு இந்த ஊரில் ஒரு கல்வெட்டாவது உண்டா?

நியூ ஹேவனில் வாசிக்கிற அந்தக் கதையின் முதல் பாதி நம்மிடம் இருக்கிறது. ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைக் குறிப்பேடுகளைச் சென்னை அரசு அச்சகமே புத்தகங்களாக அச்சிட்டிருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள். பழைய ஆங்கிலம், கொஞ்சம் சிரமப்படுத்தும். நம் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் மனம் வைத்தால் அந்த ஆண்டுகளின் சில பக்கங்களையாவது மாணவர்களைக்கொண்டு தமிழில் பெயர்க்கலாம். அப்புறம் அவற்றை வகுப்பறைக்குள் பூட்டிவிடாமல், ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் கிளை நூலகங்களுக்கு எடுத்துப்போய், அந்தக் கடலோரம் வாழ்கிறவர்களோடு உட்கார்ந்து வாய்விட்டு வாசிக்கவேண்டும். 1687ஆம் ஆண்டின் குறிப்புகளிலிருந்தே தொடங்கலாம்.