நாலாயிரம் மீட்டரில் ஒரு தலைவலி

[காட்சி: கூடாரத்துக்குள் ஒரு சிப்ஸ் பாக்கெட், பலூன் மாதிரி உப்பியிருக்கிறது]

இந்தப் பாக்கெட்டைக் கொஞ்சம் பாருங்கள். அடிவாரத்தில் பையில் வைத்தபோது சாதாரணமாகத்தான் இருந்தது. இப்போது தொட்டாலே வெடித்துவிடும் போல இருக்கிறது. உள்ளே இருக்கும் காற்று கூடவில்லை. வெளியே அழுத்தம் குறைந்துவிட்டது.

மலை உச்சியில் ஆக்சிஜன் சதவீதம் குறைவு என்று பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. கடற்கரையிலும் சுமார் 21 சதவீதம், சிகரத்திலும் அதே 21. ஆனால் 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் பாதியாகிவிடுகிறது. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அங்கேயே 1978 மே மாதம் ரைன்ஹோல்ட் மெஸ்னர், பீட்டர் ஹேபலர் என்ற இரண்டு மலையேறிகள் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் போய் நின்றார்கள். உடலைப் பழக்கியிருக்காவிட்டால் அது நடந்திருக்காது.

[காட்சி: இரவு, இரண்டு பேர் தூங்கும் கூடாரம்]

பழகுவது என்றால் என்ன? முதலில் மூச்சு வேகமாகிறது. அதில் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. உடனே மூளை, "போதும், மெதுவாக" என்று மூச்சை அடக்கப் பார்க்கிறது. இந்த இழுபறி இரவில் நன்றாகத் தெரியும். பக்கத்தில் படுத்திருக்கும் நண்பனின் மூச்சு சில நொடிகள் நின்றே போகும். நீங்கள் பதறி எழும்போது, அவன் பெருமூச்சு விட்டுப் புரண்டு படுப்பான். பயமாக இருக்கும், ஆனால் அந்த உயரத்தில் இது சகஜம். சில நாட்களில் சிறுநீரகம் அந்தக் காரத்தை வெளியேற்றிச் சமன் செய்துவிடும். நடு இரவில் குளிரில் அடிக்கடி எழுந்து வெளியே போக வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும்.

அதனால்தான் 3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்கிறார்கள். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் இன்னும் மேலே ஏறிவிட்டுத் தூங்கக் கீழே வந்தால் நல்லது.

சரி, இப்போது நண்பர்கள் விஷயத்துக்கு வருவோம்.

உடல் பழகுவதற்குள் மேலே ஏறினால் வருவதுதான் மலை நோய். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கும் அது வரும். உடற்தகுதி இதில் காப்பாற்றாது. சொல்லப்போனால், வேகமாக ஏற முடிகிறவன்தான் முதலில் மாட்டிக்கொள்கிறான். தலை விண்ணென்று தெறிக்கும், சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும். கேட்டால், "ஒண்ணுமில்லடா, தூக்கம் சரியில்ல" என்பான். தன்னால் எல்லாருடைய பயணமும் கெட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறான், பாவம்.

என்னைக் கேட்டால், "எல்லாரும் ஓகேவா?" என்று பொதுவாகக் கேட்பதே வீண். அதற்கு "ஓகே" என்ற ஒரே பதில்தான் வரும். இருவர் இருவராகப் பிரிந்துகொண்டு, ஜோடியின் தட்டைப் பாருங்கள்: சாப்பாடு மிச்சமிருக்கிறதா? ஷூ லேஸ் கட்டத் தடுமாறுகிறானா?

[காட்சி: தரையில் நீட்டிப் போட்ட கயிறு, அதன் மேல் குதிகாலும் விரல்நுனியும் ஒட்ட ஒட்ட நடக்கும் கால்கள்]

சந்தேகம் வந்தால் இப்படி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமலும் இருந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுமே உயிரை எடுக்கும். "காலையில் பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது. இருட்டானாலும் உடனே இறக்க வேண்டும், தனியாக அனுப்பவும் கூடாது.

வெறும் தலைவலி என்றால் ஏறுவதை நிறுத்தி அங்கேயே தங்கினால் போதும். ஒரு நாளில் குறையவில்லை என்றால் கீழே இறங்க வேண்டும்.

ஆக, கூட இறங்கப்போவது யார்? அதை அடிவாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். சிகரம் கண்ணுக்குத் தெரியும்போது கேட்டால் எல்லாரும் குனிந்து ஷூவைப் பார்ப்பார்கள். இறங்குகிறவருக்கும் வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பல நேரம் 500 மீட்டர் இறங்குவதற்குள்ளேயே, இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தொடாதவன், "அந்த சிப்ஸ் பாக்கெட் எங்கடா?" என்று கேட்பான்.