புகைப்படத்தை கெர்ஹார்ட் ரிக்டர், டேவிட் ஹாக்னி என்ற இரண்டு ஓவியர்கள் என்ன செய்தார்கள்?

[திரையில்: சாம்பல் நிறத்தில், இராணுவச் சீருடை அணிந்த ஒருவரின் மங்கலான உருவம்]

சீருடையில் புன்னகையோடு நிற்கும் இவர், ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் தாய்மாமன் ரூடி. இரண்டாம் உலகப் போரில் இறந்த அவரைக் குடும்பப் புகைப்படம் ஒன்றைப் பார்த்து 1965-இல் தீட்டிய ரிக்டர், எண்ணெய் வண்ணம் காய்வதற்குள் அதன்மேல் வெறும் தூரிகையை இழுத்து உருவத்தைக் கலைத்துவிட்டார். ஹிட்லரின் படையில் இருந்த உறவினரைப் பாசத்தோடு நினைப்பதா, வெறுப்போடு நினைப்பதா என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் நழுவும் உத்தி இது என்று ஒருவர் குறை கூறலாம். விடை சொல்ல இயலாத அந்த நிலையைத்தான் அவர் வரைந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1932-இல் டிரெஸ்டனில் பிறந்து, பெர்லின் சுவர் எழுவதற்குச் சில மாதங்கள் முன்பு மேற்கு ஜெர்மனிக்கு வந்துசேர்ந்தவர் ரிக்டர். 1997-இல், இத்தாலியின் வெனிஸ் நகரில் நடக்கும் சர்வதேசக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பினாலேயின் தங்கச் சிங்க விருதைப் பெற்றார்.

[திரையில்: நான்கு பெரிய அரூப ஓவியங்கள், அதாவது அடையாளம் காணும் உருவங்கள் இல்லாத ஓவியங்கள்]

பிற்காலத்தில் அவர் தூரிகையை விடுத்து, நீண்ட பலகையால் வண்ணத்தை இழுத்தும் சுரண்டியும் அரூப ஓவியங்களை உருவாக்கினார். நாஜிகள் யூதர்களைக் கொன்றுகுவித்த ஆஷ்விட்ஸ்-பிர்கனாவ் வதைமுகாமில் கைதிகள் 1944-இல் ரகசியமாக எடுத்த நான்கு புகைப்படங்களை 2014-இல் நான்கு கேன்வாஸ்களில் வரையத் தொடங்கிய அவர், பிறகு அவை கண்ணுக்குத் தெரியாதபடி அடுக்கடுக்காக வண்ணம் பூசி மூடினார். அந்தக் கொடுமையை அப்படியே நகலெடுப்பது ஓவியத்தின் வேலை அல்ல என்ற முடிவை இதைவிட அழுத்தமாகச் சொல்லிவிட முடியாது.

[திரையில்: நீச்சல்குளம், நீலவானம், வெண்ணிற நீர்த்தெறிப்பு]

பிரிட்டனின் பிராட்ஃபோர்டில் 1937-இல் பிறந்த டேவிட் ஹாக்னியின் குணம் வேறு. கலிபோர்னியாவின் வெயிலை அக்ரிலிக் வண்ணத்தில் தட்டையாகவும் பளிச்சென்றும் பூசியவர் அவர். 1967-இல் வரைந்த இந்தப் படத்தின் நீர்த்தெறிப்பை ஒரு புத்தகத்தில் கண்ட புகைப்படத்திலிருந்து எடுத்தார். இரண்டு நொடிகளில் அடங்கிவிடும் அந்தத் தெறிப்பைச் சிறு தூரிகைகளால் தீட்டி முடிக்க அவருக்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆயின.

நீச்சல்குளத்தருகே நிற்கும் ஒருவரையும் நீருக்கடியில் நீந்தும் ஒருவரையும் காட்டும் அவரது 1972-ஆம் ஆண்டு ஓவியம், 2018 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 9 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. வாழும் ஓவியர் ஒருவரின் படைப்புக்கு அதுவரை கிடைத்திராத தொகை அது. ஆனால் ஓவியர் தம் கையிலிருந்து எப்போதோ போய்விட்ட படத்தின் மறுவிற்பனை விலையை அவருடைய சாதனைப் பட்டியலில் முதலிடத்தில் வைப்பது பொருத்தமற்றது. 2017-இல் லண்டனின் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் நடந்த அவரது கண்காட்சிக்கு 4 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்ததே மதிக்கத்தக்க செய்தி.

[திரையில்: பல புகைப்படங்களை ஒட்டி உருவாக்கிய ஒரு காட்சி]

புகைப்படத்தைப் பயன்படுத்திக்கொண்டே அதனோடு ஹாக்னி ஓயாமல் சண்டையும் போட்டார். அசையாமல் நிற்கும் ஒற்றைக்கண்ணனின் பார்வையையே கேமரா தருகிறது என்பது அவரது புகார். அதனால்தான் 1980-களில் ஒரே காட்சியைப் பல கோணங்களில் படமெடுத்து, அவற்றை ஒட்டி ஒரே படமாக்கினார். எண்பது வயதைக் கடந்தபின், பிரான்ஸின் நார்மண்டியில் பருவங்கள் மாறுவதை ஐபேடில் வரைந்து, அந்தப் படங்களை 90 மீட்டர் நீளமுள்ள ஒரே சித்திரமாக இணைத்தார். பார்வையாளர் அதன் ஓரமாக நடந்துதான் அதைப் பார்த்து முடிக்க முடியும்.