காம்பமா நோயாளிகளின் வாக்கு

நேயர்களுக்கு வணக்கம். விரலில் மையோடு வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்திருப்பீர்கள். உள்ளே யாராவது உங்கள் புத்தித்தெளிவைச் சோதித்தார்களா? பட்டியலில் பெயர் இருந்தது, வாக்களித்தீர்கள். அவ்வளவுதான்.

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்றொரு சிறிய நாடு. அங்கே வாக்குச்சீட்டுக்குப் பதில் கோலிக்குண்டு. மறைப்புக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒன்றாகப் பீப்பாய்கள். ஒவ்வொன்றிலும் கட்சியின் வண்ணம், வேட்பாளரின் படம். குழாய்க்குள் குண்டைப் போட்டால் உள்ளே ஒரு மணி ஒலிக்கும். இரண்டாம் முறை ஒலித்தால் வெளியே அமர்ந்திருக்கும் அலுவலருக்குத் தெரிந்துவிடும். எழுத்தறியாதவரும் பிறர் தயவின்றி வாக்களிக்கட்டும் என்று 1960-களில் வந்த ஏற்பாடு. 2021 அதிபர் தேர்தலும் இப்படித்தான் நடந்தது. எவரையும் விட்டுவிடக் கூடாது என்ற அக்கறை இதில் தெரிகிறது, இல்லையா?

அதே நாட்டின் தலைநகர் பஞ்சுலில், ராயல் விக்டோரியா மருத்துவமனையைச் சேர்ந்த காம்பமா என்ற மனநலப் பிரிவு இருந்தது. அங்கிருந்தவர்களின் கைக்கு மட்டும் அந்தக் குண்டு வரவில்லை. அவர்களை அடைத்து வைத்தது 1917-ஆம் ஆண்டுச் சட்டம். அடைத்தது சரிதானா என்று மேல்முறையீடு செய்ய அதில் வழியே கிடையாது. 2001-இல் மனநல ஆர்வலர் இருவர் ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டார்கள். அரசு என்ன சொன்னது தெரியுமா? வாக்களிக்க விடுவதில்லை என்பதை ஒப்புக்கொண்டது. விட்டால், யோசித்து முடிவெடுக்கும் ஆற்றல் இவர்களுக்கு உண்டா என்ற சர்ச்சையில் தேர்தலே சிக்கிக்கொள்ளும் என்றது. 2003-இல் ஆணையம் முடிவு சொன்னது: இவர்களை விலக்கச் சட்டத்தில் திட்டவட்டமான அடிப்படை எதையும் அரசு காட்டவில்லை, இது உரிமை மீறல்.

மீண்டும் சொல்கிறேன், சர்ச்சை வரும் என்ற பயம் ஒருவரின் வாக்கைப் பறிக்கக் காரணமாகாது.

ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான ஆப்பிரிக்க ஒன்றியம் 2018-இல் ஏற்ற, மனநலக் குறைபாடு உள்ளவர்களுக்கும் பொருந்தும் மாற்றுத்திறனாளிகள் உரிமை நெறிமுறை, 15 நாடுகள் உறுதிசெய்த பிறகு 2024-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒன்றியத்தில் 55 நாடுகள் இருக்கின்றன. எஞ்சிய அரசுகளும் உறுதிசெய்ய வேண்டும். செய்த கையோடு, மனநலப் பிரிவுகளில் வாக்காளர் பதிவைத் தொடங்க வேண்டும். நன்றி, வணக்கம்.