அகல உழுத கடைகள்

(குன்னூரில் கூட்டுறவு வார விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கூட்டுறவுச் சங்கங்களின் இணைப்பதிவாளர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, மத்திய கூட்டுறவு வங்கியின் மேலாளர் அவர்களே, கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் நிர்வாகிகளே, வணிகர் சங்கப் பொறுப்பாளர்களே, மழையையும் பொருட்படுத்தாமல் கோத்தகிரியிலிருந்தும் மஞ்சூரிலிருந்தும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறு விவசாயப் பெருமக்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் பேசிய இணைப்பதிவாளர் அவர்கள் சங்கங்களின் வரவு செலவை எல்லோருக்கும் புரியும்படி எடுத்துரைத்தார்கள். அவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். பெருங்கடைகள் எப்படி வளர்ந்தன, ஏன் விழுந்தன என்பது ஒன்று. சரக்கு ஓடுவதற்கும் தேங்குவதற்கும் என்ன கணக்கு என்பது இரண்டு. நம் சங்கங்களின் சொந்தக் கட்டடத்தில் மலைப்பொருளுக்கென்று ஓர் அங்காடி ஏன் வேண்டும் என்பது மூன்று. மூன்றுக்கும் அடிப்படை நம் முன்னோர் சொன்ன ஒரே பழமொழி: அகல உழுவதைவிட ஆழ உழு.

பெருங்கடை, அதாவது பல்துறை அங்காடி என்றால் ஒரே கூரையின் கீழ் துணிக்கு ஒரு பிரிவு, பாத்திரத்துக்கு ஒன்று, மரச்சாமானுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் கொள்முதல், தனிக் கணக்கு. இந்த முறைக்கு வழிகாட்டி 1852-இல் பாரிஸில் போன் மார்ஷே கடையில் சேர்ந்த அரிஸ்தீத் பூசிக்கோ. பேரம் இல்லை, விலை எழுதி ஒட்டியிருக்கும், பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த நம்பிக்கைதான் கூட்டம் சேர்த்தது.

அமெரிக்காவில் நடந்த கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், கேளுங்கள். 1886. மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிறிய ரயில் நிலையம். நம் மலை ரயில் பாதையின் ஹில்குரோவ், ரன்னிமேடு நிலையங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ரிச்சர்ட் சியர்ஸ் என்று ஓர் இளைஞர் ஸ்டேஷன் ஏஜென்ட். உள்ளூர் நகைக்கடைக்காரர் பெயருக்குக் கைக்கடிகாரம் அல்ல, சங்கிலி கோத்துச் சட்டைப்பையில் போடும் கடிகாரங்கள் ஒரு பெட்டி வந்து இறங்குகிறது. கடைக்காரர் வேண்டாம் என்கிறார். திருப்பி அனுப்ப வேண்டிய பெட்டியை சியர்ஸ் தானே எடுத்துக்கொள்கிறார். யாரிடம் விற்றார்? அதே பாதையில் வேலை பார்த்த மற்ற ஸ்டேஷன் ஏஜென்ட்டுகளிடம்! ரயில்காரருக்கு நேரம் முக்கியம். கடிகாரம் இல்லாமல் வேலை ஓடாது. பெட்டி தீர்ந்தது, அடுத்த பெட்டிக்கு எழுதினார். மறு ஆண்டே சிகாகோ போனார். பழுது பார்க்க ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுக்க, வந்து சேர்ந்தவர் ஆல்வா ரோபக். சியர்ஸ் ரோபக் கம்பெனி பிறந்தது. அஞ்சலில் ஒரு தடித்த விலைப்பட்டியல் வீடு வீடாகப் போனது. அதைப் பார்த்துத் தையல் மெஷினும் கலப்பையும் வாங்கினார்கள். 1908 முதல் 1940 வரை வீட்டையே வாங்கினார்கள். அறுத்த மரம், ஆணி, பெயின்ட் எல்லாம் ரயில் பெட்டியில் வரும், இறக்கி நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். பிற்பாடு ஊருக்கு ஊர் கடை திறந்தார்கள். 1970-களில் சிகாகோவில் 110 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். அன்றைக்கு உலகிலேயே உயரமானது அதுதான். 1985-க்குள் காப்பீடு, பங்கு வணிகம், வீடு விற்பனை, கடன் அட்டை என்று ஒவ்வொன்றாகக் கையை நீட்டினார்கள். 1993-இல் அந்தப் பெரிய விலைப்பட்டியலை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு அமேசான் தொடங்கியது. வீட்டிலிருந்தபடி வாங்கும் பழக்கத்தை நாட்டுக்கே கற்றுக்கொடுத்தவர்கள் அதைக் கைவிட்ட மறு ஆண்டு! 2018 அக்டோபரில் திவால் மனு. அகல உழுவதைவிட ஆழ உழு என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்?

சியர்ஸ் 2015-இல் 235 இடங்களின் நிலத்தையும் கட்டடத்தையும் விற்றுவிட்டு, பெரும்பாலானவற்றில் வாடகைக்கு உட்கார்ந்தது. பிரிட்டனில் டெபன்ஹாம்ஸ் 2005-இல் 23 கடைக் கட்டடங்களை அப்படியே விற்றது. 2021-இல் கடைசிக் கடையையும் மூடியது. கட்டடம் சொந்தமாக இருந்தவரை விற்பனை குறைந்த ஆண்டையும் தாண்டிவிடலாம். வாடகை அப்படி விடாது. விற்றாலும் விற்காவிட்டாலும் ஒன்றாம் தேதி வரும். இதை மனதில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

நம் குன்னூருக்கே வருவோம். 1905-இல் வண்ணாரப்பேட்டையில் முத்துசாமி முதலியார் வெண்ணெய் வியாபாரத்தை வாங்கித் தொடங்கியதுதான் நீல்கிரிஸ். வெண்ணெயில் ஆழ உழுதார்கள். 1936-இல் பெங்களூர் பிரிகேட் சாலைக்குப் போய், காலப்போக்கில் தென்னிந்தியா முழுக்கப் பரவிய பெயர் அது. 2014-இல் அதைப் ஃபியூச்சர் குழுமம் வாங்கியது. 2022-இல் அக்குழுமத்தின் ஃபியூச்சர் ரீடெய்ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. நம் மலையின் பெயர் எங்கெங்கோ கைமாறிக்கொண்டிருக்கிறது. மலையில் விளைந்த பொருளுக்கு மட்டும் மலையிலேயே ஒரு நல்ல அலமாரி இல்லை. இதுதான் என் ஆதங்கம்.

இனி கணக்கு. மளிகையில் நூறு ரூபாய் சரக்குக்குப் பத்து ரூபாய் லாபம், சரக்கு விற்றுத் தீர்ந்து மறுபடி வாங்குவது ஆண்டுக்குப் பதினெட்டு சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 180 ரூபாய். ஸ்வெட்டரில் நூற்றுக்கு நாற்பத்தைந்து கிடைக்கிறது, ஆனால் இரண்டே சுற்று, 90 ரூபாய். லாப விகிதத்தைப் பார்த்து மயங்கினால் பாதிதான் கையில் நிற்கும். ஸ்வெட்டர் ஏன் தேங்குகிறது? லூதியானாவிலிருந்து ஆறு உருப்படியாகக் கட்டு வருகிறது: ஸ்மால் ஒன்று, மீடியம் இரண்டு, லார்ஜ் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று. மீடியமும் லார்ஜும் முதலில் போய்விடும். சைஸ் உடைந்த மீதி இரண்டு மடித்தபடியே கிடக்கும். போட்ட முதலில் மூன்றில் ஒரு பங்கு அதில் முடங்குகிறது. புதுக் கட்டு எடுக்கும்போது விற்ற சைஸ் மட்டும் கேட்டு வாங்குங்கள். தராத மொத்த வியாபாரியை விட்டுவிடுங்கள். சீசன் ஏப்ரல், மே. பிறகு செப்டம்பர், அக்டோபர். மே கடைசி வாரத்தில் விலையைக் குறைத்துத் தள்ளிவிடாவிட்டால் ஜூன் மழையில் கம்பளியில் பூஞ்சை பிடிக்கும்.

தேயிலைக்கு வேறு விதி. தொழிற்சாலையில் சுமார் மூன்று சதவீத ஈரப்பதத்துக்கு உலர்த்தி வருகிறது. திறந்த டப்பாவில் ஜூலை மாதம் வைத்தால் பனிமூட்டத்தை உறிஞ்சும். ஏழு, எட்டைத் தாண்டினால் வாசனை போச்சு. நாள்தோறும் விற்கும் அளவுக்கு மேல் மூட்டையைப் பிரிக்காதீர்கள். தேயிலைக்குப் பக்கத்தில் யூகலிப்டஸ் தைலம் வைக்கவே கூடாது. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். ஒரு தைலப் பாட்டில் கசிந்தால் அந்த அலமாரித் தேயிலை முழுக்கத் தைலமாகத்தான் மணக்கும். நம் ஊர் மொறுமொறு ரொட்டியான வர்க்கி காற்றுப் புகாத தகரத்தில் இருக்க வேண்டும். எந்தப் பெட்டியும் சுவரை ஒட்டியிருக்கக் கூடாது, அரை அடி தள்ளி, தரையிலிருந்து நான்கு அங்குலம் உயர்த்திய மரப்பலகையின் மேல். நவம்பரில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் லாரி ஏறாது. அரிசி, பருப்பு, எண்ணெய் பத்து நாளுக்காவது கையிருப்பு வேண்டும்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன்? கடைவீதிகளில் நம் சங்கங்களுக்குச் சொந்தக் கட்டடங்கள் இருக்கின்றன. கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டுவிட்டு நம் சரக்கை மாடிப்படிக்குக் கீழே வைத்து விற்கிறோம். சியர்ஸ் இழந்தது எதையோ அது நம் கையில் இருக்கிறது, ஐயா! கோவையில் சிந்தாமணி, சென்னையில் காமதேனு, மதுரையில் பாண்டியன் என்று கூட்டுறவு அங்காடிகள் பேர் சொல்லி நிற்கவில்லையா? பதினாறு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இருக்கும் மாவட்டத்தில் மலைப்பொருளுக்கென்று ஒரு பல்துறை அங்காடி ஏன் கூடாது?

ஐம்பது பிரிவு வேண்டாம், அகல உழுவதைவிட ஆழ உழு. நான்கு போதும்: தேயிலை ஒன்று; காய்கறியும் பூண்டும் ஒன்று; தேன், தைலம், வர்க்கி சேர்ந்து ஒன்று; தோடர் பழங்குடியினரின் பூந்தையலும் கம்பளியும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி இருப்புப் பதிவேடு, தனிப் பொறுப்பாளர். ஒவ்வொரு திங்களன்றும் ஒரு பிரிவை மட்டும் எண்ணினால், மாதத்தில் நான்கும் முடியும். எண்ணிக்கை குறைந்தால் அன்றே எங்கே போனது என்று தெரியும். ஆண்டு முடிவில் மொத்தமாக எண்ணினால் எலி தின்றதா, எடையில் போனதா, ஆள் எடுத்தாரா, யாராலும் சொல்ல முடியாது.

இணைப்பதிவாளர் அவர்களுக்கு என் தாழ்மையான வேண்டுகோள்: குத்தகை முடியும் சங்கக் கட்டடங்களை மறு ஏலத்துக்கு விடும் முன், ஒன்றையாவது ஓராண்டுக்கு இதற்கு ஒதுக்கித் தாருங்கள். வந்திருக்கும் சங்கச் செயலாளர்கள் தத்தம் கட்டடத்தின் சதுர அடி, இப்போது வரும் வாடகை, குத்தகை முடியும் மாதம், மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேடைக்குப் பக்கத்து மேசையில் கொடுத்துவிட்டுப் போங்கள். தேநீர் இடைவேளைக்குள் கிடைத்தால் இன்றே இணைப்பதிவாளர் அவர்கள் கையில் சேர்த்துவிடலாம். வணக்கம்.