குரலில் கரைந்துபோகும் வாக்கு

(வாசகர் வட்ட மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் உள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

என் சித்தப்பா நெல் பயிரிடுகிறவர். 2020-இல் மூன்று வேளாண் சட்டங்கள் வந்த சமயம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏம்பா, நீதான் பேப்பர் படிக்கிறவனாச்சே. நம்ம எம்.பி. இதுக்கு ஆமான்னாரா, இல்லைன்னாரா?" பத்து நிமிடத்தில் தேடிச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் தேடினேன். அவர் அவையில் பேசினாரா என்பது கிடைத்தது. எப்படி வாக்களித்தார் என்பது கிடைக்கவில்லை. யார் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒரு பதிவே இல்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

தேர்தல் வந்தால் பத்திரிகைகள் நம் உறுப்பினர்களின் கணக்கை வெளியிடுகின்றன. வருகை இத்தனை சதவீதம், கேள்விகள் இத்தனை, விவாதங்கள் இத்தனை. 2005-இல் டெல்லியில் தொடங்கிய பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு இவற்றைத் திரட்டித் தருகிறது. மிகவும் பயனுள்ள வேலை. ஆனால் இந்த எண்களை நாம் வாசிக்கும் விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. வருகையைப் பதிவு செய்தவர் மாலை வரை அவையில் உட்கார்ந்திருந்தாரா என்பதை அந்தப் பதிவு சொல்லாது. அமைச்சர்கள் வருகையைப் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. கேள்விகளின் கதை இன்னும் வேறு. வாய்மொழியாகப் பதில் பெறும் நட்சத்திரக் கேள்விகள் மக்களவையில் ஒரு நாளைக்கு 20தான் பட்டியலில் இடம்பெறும். அந்த இடமும் குலுக்கலில் கிடைப்பது. 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 11 உறுப்பினர்களை இரு அவைகளும் பதவியிலிருந்து நீக்கின. எத்தனை கேள்வி என்று எண்ணுவதைவிட, என்ன கேள்வி, யாருக்காக என்று பார்ப்பதுதான் முக்கியம் என்று அன்றே தெரிந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பட்டியலில் வாக்குக்கு ஒரு பத்தி இல்லை. நாம் ஒருவரை டெல்லிக்கு அனுப்புவது சட்டம் செய்ய. சட்டம் வாக்கால் ஆகிறது. அந்த வாக்கை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அவையில் நடப்பது இதுதான். விவாதம் முடிந்ததும் சபாநாயகர் கேட்பார். ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள். எந்தக் குரல் ஓங்கி ஒலித்தது என்பதைக் காதால் கேட்டு அவர் முடிவைச் சொல்வார். இது குரல் வாக்கெடுப்பு. நம் சட்டங்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் நிறைவேறுகின்றன. யாராவது ஓர் உறுப்பினர் அந்த முடிவை ஏற்காமல் 'டிவிஷன்' கேட்டால், மணி அடித்து, கதவை அடைத்து, ஒவ்வொருவரும் பொத்தானை அழுத்த வேண்டும். அப்போதுதான் பெயர் பதிவாகும். அதிலும் ஒரு விலக்கு உண்டு. டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று சபாநாயகர் கருதினால், மக்களவையின் 367ஆம் விதிப்படி உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணி முடித்துவிடலாம். அந்த எண்ணிக்கையில் பெயர்களைப் பதிய வேண்டாம் என்று விதியே சொல்கிறது.

2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள். மசோதாவை விரிவாக ஆராயும் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் கொடுத்தவர்களில் நம் தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவாவும் ஒருவர். எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. கிடைக்கவில்லை. இருக்கையில் அமர்ந்து முறையாகக் கேட்கவில்லை என்பது அவையை நடத்திய துணைத் தலைவர் தரப்பின் விளக்கம். இருக்கையில் இருந்தே கேட்டோம் என்பது எதிர்க்கட்சிகளின் பதில். அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மசோதாக்கள் நிறைவேறின. மறுநாள் 8 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதற்கு முன்பே மக்களவையிலும் குரல் வாக்குதான். அந்தச் சட்டங்களை எதிர்த்து ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் டெல்லி எல்லையில் வெயிலிலும் குளிரிலும் கிடந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா வந்தது. விவாதம் இல்லை. அதுவும் குரல் வாக்கெடுப்பு! வந்ததற்கும் பெயர் இல்லை, போனதற்கும் பெயர் இல்லை. என் சித்தப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பெயரோடு பதிவு செய்வது முடியாத காரியமா? அரசியல் சட்டத் திருத்தம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவை எண்ணியாக வேண்டும், அதனால் டிவிஷன் நடந்தே தீரும். 2023 செப்டம்பரில் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454க்கு 2 என்று நிறைவேறியது. அந்த இரண்டு பேர் யார் என்று நாடே அறியும். ஏன் எதிர்த்தோம் என்று அவர்களும் காரணம் சொன்னார்கள். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா, நள்ளிரவு தாண்டி நடந்த வாக்கெடுப்பில் 288க்கு 232. அங்கேயும் பெயர் இருக்கிறது. 1999 ஏப்ரல் 17ஐ இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. குரலை வைத்து அதை யாராவது முடிவு செய்திருக்க முடியுமா? பிரிட்டன் நாடாளுமன்றம் 1836 முதல் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்ற பட்டியலை அதிகாரபூர்வமாக வெளியிட்டு வருகிறது. அவர்களிடமிருந்து எத்தனையோ நடைமுறைகளை எடுத்துக்கொண்ட நாம் இந்தப் பழக்கத்தையும் முழுமையாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

"கொறடா சொன்னபடிதானே போடப்போகிறார்கள், பதிவு எதற்கு?" என்று போன கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற கட்சியின் ஆணையை உறுப்பினர்களுக்குச் சொல்பவர்தான் கொறடா. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சி ஆணையை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போகும். விலைபோவதைத் தடுக்க வந்த சட்டம், மனசாட்சியையும் சேர்த்துக் கட்டிவிட்டது என்பது என் கருத்து. 1992-இல் கிஹோடோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், பதவியைப் பறிக்கும் ஆணை நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கைக்கும் மட்டும் இருப்பது நல்லது என்று சொன்னது. காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி 2010-இல் கிட்டத்தட்ட அதே நோக்கத்தோடு ஒரு தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா, கொண்டுவந்தார். சட்டமாகவில்லை. ஆனாலும் நண்பருக்கு என் பதில் இதுதான்: கட்சி சொல்லி அழுத்தினாலும் பொத்தானை அழுத்திய விரல் அவருடையது. தொகுதிக்கு வரும்போது அதற்கு அவர்தான் காரணம் சொல்ல வேண்டும்.

தனிநபர் மசோதா என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். சுதந்திர இந்தியாவில் அப்படி வந்து சட்டமானவை மொத்தம் 14. கடைசியாக ஆனது 1970-இல். 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஓர் அவை தனிநபர் மசோதாவை ஏற்றது அப்போதுதான். மக்களவையைத் தாண்டவில்லை, 2019-இல் அரசு தன் பெயரில் வேறொரு சட்டம் கொண்டுவந்தது. வருகை சதவீதத்தில் இந்த உழைப்பை எங்கே எழுதுவது?

கூட்டம் முடிந்து போகும்போது வாசல் மேசையைப் பாருங்கள். நம் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறோம். அதில் இரண்டே கேள்விகள். இந்தக் கூட்டத்தொடரில் எந்தெந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தீர்கள், ஏன்? அடுத்த முக்கியமான மசோதாவில் எழுந்து நின்று டிவிஷன் கேட்பீர்களா? முதல் கையெழுத்து என் சித்தப்பாவுடையது. பேனா பக்கத்திலேயே இருக்கிறது.