மாட்யூலை எழுதப்போவது யார்?

நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டற்ற மென்பொருளாக, ஜாவா மொழியில் ஒரு சர்வரை எழுத ஆரம்பிக்கிறோம். கொஞ்ச நாளில் நிரல் பெருத்துவிடுகிறது. பயனர் நுழைவு, சேமிப்பு, மின்னஞ்சல் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. சரி, மாட்யூல்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்போம் என்று பேச்சு வருகிறது. உடனே, மாட்யூல்களைச் சேர்த்து ஓட்டும் ஃபிரேம்வொர்க்காக (ஆயத்த அடித்தளமாக) எதை எடுப்பது, ஓஎஸ்ஜிஐயா, ஸ்பிரிங்கா, இல்லை ஜாவாவின் சொந்த மாட்யூல் முறையா என்று விவாதம் சூடாகிவிடும். நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மாட்யூலை எழுதப்போவது யார்?

மையக் குழுவில் உள்ள நான்கைந்து பேர்தான் எழுதுவார்கள் என்றால் தனியாக ஒரு ஃபிரேம்வொர்க்கே வேண்டாம். நிரலைத் தொகுத்துத் தரும் கருவிகளான மேவனிலோ கிரேடிலிலோ அதைத் துண்டுகளாகப் பிரித்து, எது எதைச் சார்ந்திருக்கலாம் என்று எழுதிவைத்தால் போதும். யாராவது எல்லை தாண்டினால் கம்பைல் செய்யும்போதே (நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும்போதே) பிடிபட்டுவிடும். முகம் தெரியாதவர்கள் எழுதப்போகிறார்கள் என்றால் கதை வேறு. நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் சர்வரான ஜென்கின்ஸுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிளகின்கள் (வெளியிலிருந்து செருகும் மாட்யூல்கள்) இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களில் பலர் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இருக்காது. ஒருவருடையது இன்னொருவருடையதோடு மோதாமலிருக்க, அங்கே ஒவ்வொரு பிளகினுக்கும் தனி கிளாஸ்லோடர் (நிரலின் கிளாஸ்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதி) கொடுப்பது ஆடம்பரம் அல்ல, தேவை.

அடுத்து, சர்வரை நிறுத்தாமலே மாட்யூலைக் கழற்றி மாட்ட வேண்டுமா? இதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறோம். ஓஎஸ்ஜிஐ 1999-இல் பிறந்தபோது அதன் இலக்கு வீடுகளில் வைக்கும் இணைப்புக் கருவிகள். யாரும் போய்த் தொடாமல், தூரத்திலிருந்தே அவற்றின் மென்பொருளை மாற்ற வேண்டியிருந்தது. அந்தத் தேவைக்கு அது அருமையான விடை. 2004-இல், நிரல் எழுத உதவும் மென்பொருளான எக்லிப்ஸ் 3.0 தன் பிளகின் அமைப்பை அதன்மேல் கட்டியது. அப்புறம் சர்வர் உலகத்துக்கும் அந்த ஆசை வந்தது. ஸ்பிரிங்கை உருவாக்கிய ஸ்பிரிங்சோர்ஸ் நிறுவனம் 2008-இல் ஓஎஸ்ஜிஐ மேல் ஒரு சர்வரைக் கொண்டுவந்தது. அன்றாடம் நாம் பயன்படுத்தும் நூலகங்களில் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளில்) பெரும்பாலானவை ஓஎஸ்ஜிஐ கேட்கும் வடிவத்தில் இல்லை என்பதால், அவற்றை மாற்றியமைத்து ஒரு தனிக் களஞ்சியத்தையே அவர்கள் பராமரிக்க வேண்டியிருந்தது. 2010-இல் அந்தச் சர்வரை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பின்னால் ஒரு நிறுவனம் இருந்தவர்களுக்கே அவ்வளவு வேலை என்றால், ஓய்வு நேரத்தில் எழுதும் நாம் எத்தனை நூலகங்களைச் சுமக்க முடியும்?

இன்னொன்றும் உண்டு. மாட்யூலை நீக்கிவிட்டோம் என்று நினைப்போம். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு திரெட் (நிரலுக்குள் தனியே நடக்கும் ஓர் ஓட்டம்), அந்த மாட்யூலின் ஒரே ஒரு ஆப்ஜெக்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், மொத்த கிளாஸ்லோடரும் நினைவகத்தை விட்டு இறங்காது. இரண்டு சர்வர்களை ஓடவிட்டு, ஒவ்வொன்றாக நிறுத்தித் தொடங்குவது இதைவிட எவ்வளவோ நிம்மதி. எஞ்சின்எக்ஸ் என்னும் வலைச் சர்வர் 2004-இல் வெளிவந்தது. அதில் மாட்யூலைத் தனிக் கோப்பாக ஏற்றும் வசதி 2016-இல்தான் வந்தது. அதுவரை வெளியார் எழுதிய மாட்யூல் வேண்டுமென்றால் மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். அப்படியிருந்தும் அது உலகமெங்கும் பரவியது.

2017-இல் ஜாவா 9 கொண்டுவந்த மாட்யூல் முறையில் எனக்குப் பிடித்தது, வெளியே காட்டாத பேக்கேஜை (கிளாஸ்களின் தொகுப்பை) மெய்யாகவே மூடிவைப்பது. ஆனால் பதிப்பு எண்களை அது கண்டுகொள்வதில்லை. ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் அருகருகே ஓட வேண்டுமென்றால் நாமே கூடுதலாக உழைக்க வேண்டும்.

உரிமத்தையும் முதல் நாளே பாருங்கள். உங்கள் சர்வர் ஜிபிஎல் என்னும் கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் மட்டும் வெளிவருகிறது என்றால், அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ள ஃபிரேம்வொர்க்கை அதோடு சேர்த்து வெளியிட முடியாது என்பதே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடு அது ஒத்துப்போகும்.

எங்கள் அனுபவத்தையும் சொல்கிறேன். முதலில் ஓஎஸ்ஜிஐயைத்தான் எடுத்தோம். எல்டிஏபி (ஒரு நிறுவனத்தின் பயனர் பட்டியலை அணுகும் முறை) வழியாக நுழையும் வசதியை எழுதி ஒருவர் அனுப்பினார். நிரல் சுத்தமாக இருந்தது, கம்பைல் ஆனது. சர்வரில் போட்டால், கிளாஸ் கிடைக்கவில்லை என்றது. அந்த கிளாஸ், பெயரைச் சொல்லி ஓடும்போது ஏற்றப்படுவது. அதனால் அதன் பேக்கேஜ், மாட்யூலுக்கு எதெல்லாம் தேவை என்று ஓஎஸ்ஜிஐக்குச் சொல்லும் பட்டியலான மேனிஃபெஸ்டில் இடம்பெறவில்லை. இதைக் கண்டுபிடிக்க அவருடைய இரண்டு வார இறுதிகள் போய்விட்டன. அதன் பிறகு அவர் எதுவும் அனுப்பவில்லை. அது எனக்கு உண்மையிலேயே வலித்தது. தன் நேரத்தைச் சும்மா தர வந்தவரை நாங்களே வாசலில் தடுக்கிவிழ வைத்துவிட்டோம்.

பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, 2006-லிருந்தே ஜாவாவில் இருக்கும், மாட்யூல்களைத் தேடி ஏற்றும் எளிய வசதியான சர்வீஸ்லோடருக்கு மாறினோம். மிச்சமான உழைப்பை, மாட்யூல்கள் தொடக்கூடிய இன்டர்ஃபேஸ்களின் (தொடர்பு முகப்புகளின்) மேல் செலவழித்தோம். எது அடிக்கடி மாறுமோ அதை உள்ளே மறைத்துவை என்று கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972-இல் எழுதியதை அப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். மாற்றம் முடிந்ததும் அதே நண்பருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தார், மதியத்துக்குள் எல்டிஏபி மாட்யூல் ஓடியது. மாலையில் அவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: கடவுச்சொல் காலாவதியானால் பயனருக்கு என்ன காட்டுவது?